செப்புத் தகட்டில் முப்பது கட்டம்

எங்கள் அம்மா எதையும் படித்துவிடுவாள். மளிகைக் கடையில் கடுகு கட்டிக் கொடுத்த தாளைக்கூட விடமாட்டாள். பாதியில் கிழிந்துபோன செய்தியைப் படித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆயிற்றோ என்று சாயங்காலம் வரை கவலைப்படுவாள். அப்படிப்பட்டவள் இருக்கிற வீட்டில் நாட்குறிப்பு எழுதினேன் பாருங்கள், அது என் மடத்தனம். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் சோறு போட்டபடியே, "டீச்சரப் பத்தி இப்படியெல்லாம் எழுதலாமா கண்ணு?" என்று கேட்டாள். திருட்டுத்தனமாகப் படித்தவளுக்குக் கூச்சமே இல்லை. எழுதிய நான்தான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒளித்துவைக்கலாம் என்றால் இடமில்லை. சரவணம்பட்டியில் ஒன்றரை அறை ஓட்டு வீடு. பூட்டுள்ள பொருள் பீரோ ஒன்றுதான். அதன் சாவி அம்மாவின் இடுப்பில். ஆகவே நோட்டை ஒளிக்க முடியாவிட்டால் எழுத்தை ஒளித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் எழுத்துகளை ஒரு இடம் தள்ளி எழுதிப் பார்த்தேன். க வரவேண்டிய இடத்தில் ங, ங வரவேண்டிய இடத்தில் ச. பள்ளியில் என் பெஞ்சுக்காரியிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் படித்துக்காட்டிவிட்டாள். ங-வில் தொடங்குகிற சொற்கள் வரிசையாக வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இருக்கிற எழுத்தை இடம் மாற்றுவது உதவாது, புதிதாகவே எழுத்துச் செய்ய வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கும் உருவம் கண்டுபிடிக்க வேண்டுமே என்று முதலில் மலைப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, முப்பது உருவம் போதும். மெய்யை வரைந்து அதன் தலையில் உயிரைச் சின்னதாகப் போட்டுவிட்டால் உயிர்மெய் வந்துவிடும். ஆய்த எழுத்தைக் கழற்றிவிட்டேன். எஃகைப் பற்றி நான் ரகசியமாக எழுதுவதற்கு என்ன இருக்கிறது.

முழுப் பரீட்சை விடுமுறை முழுவதும் இந்த வேலைதான். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தேன், அழித்தேன். வேகமாக எழுத வர வேண்டும், ஒன்று மற்றொன்றைப் போல் இருக்கக் கூடாது, பார்த்தால் தமிழ் ஞாபகம் வரக் கூடாது. ல, ள, ழ மூன்றும் அண்ணன் தம்பிதானே என்று ஒரே சாயலில் போட்டுவிட்டு, மறுநாள் நான் எழுதியதை நானே படிக்க முடியாமல் திண்டாடினேன். ந-வுக்கு முக்கோணம், ண-வுக்குத் தலைகீழ் முக்கோணம், ன-வுக்கு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று. க-வுக்குச் சூலம். ம-வுக்குக் கண். உயிர்களுக்குப் புள்ளி, பிறை, கொக்கி. கோயில் சுவரிலும் லாரி நெற்றியிலும் தினமும் பார்க்கிற உருவங்கள்தானே கைக்கு முதலில் வரும். அவை சேர்ந்து நின்றால் வேறு எதைப்போல இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எந்த உருவம் எந்த எழுத்து என்கிற அட்டவணையைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அம்மா அதில் விளக்கைத் துடைத்து அடுப்பில் போட்டுவிட்டாள். அப்பா பக்கத்தில் கணபதி என்கிற பகுதியில் ஒரு சின்ன லேத் பட்டறையில் மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறவர். அங்கே வெட்டி மீந்த செப்புத் தகடு ஒன்றை எனக்குக் கொண்டுவந்து தந்திருந்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். அளவுக்கோடு கீறுகிற ஊசி ஒன்றும் அவர் பையில் கிடந்தது. தகட்டில் முப்பது கட்டம் போட்டேன். மேலே இரண்டு வரிசை உயிர், கீழே மூன்று வரிசை மெய். பக்கத்தில் தமிழ் எழுத்தைப் போடவில்லை, வரிசைதான் எனக்குத் தெரியுமே. கட்டங்களுக்குக் கீழே கொஞ்சம் இடம் மீந்திருந்தது.

அந்தச் சித்திரையில் நான் பெரியவளானேன். சீர் செய்து முடித்த மூன்றாம் நாள் அம்மா என் சைக்கிளை எடுத்து மாமா வீட்டுக்கு அனுப்பினாள். "இனி சைக்கிள் வேண்டாம் அம்மணி. பாக்கறவிக ஒன்னு கெடக்க ஒன்னு பேசுவாங்க" என்றாள். அப்பாவே சைக்கிளை வேனில் ஏற்றி, ஆடாமல் இருக்கக் கயிறு கட்டிக் கொடுத்தார். அவர் அந்த முடிச்சை அவ்வளவு அக்கறையாகப் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் தகட்டை எடுத்து, மீந்த இடத்தில் என் எழுத்தில் ஒரு வரி கீறினேன். 'இந்த வீட்டில் யாரும் நன்றாக இருக்கக் கூடாது.' ஊசி நாலைந்து இடத்தில் வழுக்கியது. அழுத்தி அழுத்திக் கீறினேன். எழுதி முடித்ததும் மனசு ஆறிப்போனது, அதுவும் உண்மை. பால் கவரில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் துணி துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லின் அடியில் செருகிவிட்டு, மறந்தும்விட்டேன்.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டினார். ஒரு காலையில் அவர் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, ஈரல் கெட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டிலில் கிடந்தவரின் நகம்கூட மஞ்சள். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது. பள்ளியில் கணக்குப் போடும்போது வந்தது. பஸ்ஸில் வந்தது. நான் எழுதியது பலித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பினேன். பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை. அம்மா எனக்கும் காமாலையோ என்று கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

தகட்டை எடுத்து வரியை அழித்துவிடலாம் என்று இரண்டு முறை பொடக்காணிக்குப் போனேன். இரண்டு முறையும் அந்தச் செங்கல்லில் கை வைக்க முடியாமல் திரும்பி வந்தேன். தொட்டால் இன்னும் மோசமாகிவிடும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்றாவது முறை எனக்கு வாய்க்கவில்லை. அப்பாவின் துணியைத் தனியாகத் துவைக்கப் போன அம்மா, கல் ஆடுகிறதே என்று செங்கல்லைத் தூக்கியிருக்கிறாள். அவள் கத்தவில்லை. "அம்மணி, இங்க வா" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டாள். போனேன். ஈரத் தரையில் பால் கவர் பிரிந்து கிடந்தது. அதன்மேல் தகடு. சூலமும் கண்ணும் முக்கோணமும் கட்டத்துக்குள் வரிசையாக இருந்தன. அப்போதுதான், அம்மாவின் கண்ணால், நான் செய்து வைத்திருப்பது என்ன என்று பார்த்தேன்.

நான் குனிந்தேன். "தொடாத கண்ணு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. "யாரோ செய்வினை செஞ்சு வெச்சுப்போட்டாங்க. உங்கப்பன அதுதான் உருக்குது."

அது என்னுடையது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, என்ன எழுதியிருக்கிறாய் என்பதுதானே. அதனால் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால் அம்மா ஒன்றும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. ஒரு எழுத்துகூடத் தெரியாமல் அந்த வரியை அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்ட நின்று பார்த்தார். "யாருன்னு நீங்க தேடிட்டு அலைய வேண்டாமுங்க. ஆனைமலைக்குப் போயி மொளகா அரைச்சு வெச்சுப்போட்டு வந்துருங்க. மாசாணியம்மா பாத்துக்குவா" என்றார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் என்று ஒரு கல் இருக்கிறது. அநியாயம் செய்தவர் யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அம்மனிடம் முறையிட்டு, மிளகாயை அரைத்து அந்தக் கல்லில் பூசிவிட்டால், செய்தவரை அம்மனே தேடிப்போய்க் கேட்பாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மாவுக்கு அதற்குமேல் யோசனையில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு உக்கடத்தில் பஸ் ஏறினாள். தகடு மஞ்சள் துணியில் சுற்றி அவள் மடியில் இருந்தது. பொள்ளாச்சி போகும்வரை எனக்கு ஒரே கணக்குத்தான். அம்மனுக்கு ஆள் அடையாளம் தப்புமா, தப்பாதா? தப்பாது என்றால் செத்தேன். தப்பும் என்றால் ஏதோ ஒரு பாவப்பட்ட ஜீவன் மாட்டும். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், வாந்தி வருகிறது என்று சொல்லி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

கோயிலில் கூட்டம். படுத்திருக்கிற அம்மனின் உருவம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், முன்பே வந்திருக்கிறேன். அன்றைக்கு முகத்தைப் பார்க்கவில்லை, கால் பக்கமாகவே நின்றேன். மிளகாய் அரைக்கிற இடத்தில் நெடி தாங்காமல் எல்லாரும் தும்மிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார்கள். யார் நெடிக்கு அழுகிறார்கள், யார் துக்கத்துக்கு அழுகிறார்கள் என்று பிரிக்க முடியாது. அம்மா துணியைப் பிரித்து, தகட்டை அரைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அரைக்க ஆரம்பித்தாள்.

"இத எழுதுன கை வெளங்காமப் போகோணும் தாயி. என்ற ஊட்டுக்காரரு படற பாட்டை அந்தக் கை படோணும்."

திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். கோபமே இல்லாமல், கடைக்காரரிடம் சாமான் சொல்வது போலச் சொன்னாள். ஒரு கட்டத்தில் கை ஓய்ந்து, "நீயும் ஒரு கை போடு கண்ணு. உங்கப்பனுக்காக" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

குழவியைப் பிடித்தேன். என் கைமேல் தன் கையை வைத்து அம்மாவும் சேர்ந்து தள்ளினாள். இத எழுதுன கை, இத எழுதுன கை என்று என் காதுக்குப் பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல, எழுதிய கை அவள் கைக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது. விழுதைக் கல்லில் பூசும்போதும் என் கையைப் பிடித்துத்தான் பூசினாள். நான் கதறி அழுதேன். நெடி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் எரிச்சல் ஆரம்பித்தது. முதலில் விரலிடுக்கில், பிறகு உள்ளங்கை, மணிக்கட்டு வரை. கை சிவந்து தடித்தது. மிளகாய் பட்டால் எரியும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அம்மாவும்தானே அரைத்தாள், அவள் கை சும்மா இருக்கிறதே என்றுதான் தோன்றியது. தினமும் மிளகாய் அரைக்கிற கை அது என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. தொடங்கிவிட்டது, அம்மன் தேடிக்கொண்டு வந்துவிட்டாள் என்று பட்டது.

"அம்மா, அத நான்தானுங்கம்மா எழுதுனேன்."

அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். சைக்கிளைப் பற்றிச் சொல்லவில்லை. நோட்டு, எழுத்து, முப்பது கட்டம் எல்லாம் சொன்னேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த பயத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பார்க்கவில்லை. எழுந்து நின்று பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். நடு ரோட்டில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி, திரும்ப ஆனைமலை.

கோயில் வாசலில் எண்ணெய் வாங்கினாள். உள்ளே போவதற்கு முன் நின்று, துணியைப் பிரித்துத் தகட்டை என்னிடம் நீட்டினாள்.

"என்ன எழுதியிருக்கற? படி."

விரலை வரியின்மேல் வைத்தேன். ஒவ்வொரு உருவமாக நகர்த்தினேன். 'இந்த வீட்டில்' வரை உள்ளதைத்தான் படித்தேன். அடுத்ததற்கு வந்தபோது, "எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்" என்று படித்தேன். விரல் நிற்கவே இல்லை. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "நல்லத எழுதுன கையவா நான் சபிச்சேன்" என்று சொல்லி என் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். மிளகாய்க் கை. அவள் கண் எரிந்திருக்கும். விலக்கவில்லை. பிறகு உள்ளே போய் நீதிக்கல்லில் எண்ணெயை ஊற்றி, அறியாமச் சொல்லிப்போட்டேன் தாயி, எடுத்துக்காத, என்ற புள்ளைய உட்டுரு என்று போகிறவர் வருகிறவர் காலெல்லாம் படுகிற தரையில் விழுந்து கும்பிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அம்மாவை ஏமாற்றிவிடலாம், படுத்திருக்கிறவளை எப்படி ஏமாற்றுவது? அவளுக்கு எந்த எழுத்தும் தெரியும் அல்லவா. முன்னைவிடப் பயம் அதிகமானதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தகட்டைச் சாமி படங்களுக்கு நடுவில் நிறுத்திவைத்தாள். அப்பாவிடம், "நம்ம புள்ள தனியா எழுத்துச் செஞ்சு, நாமெல்லாம் நல்லா இருக்கோணும்னு எழுதியிருக்கறாளுங்க" என்று பெருமையாகச் சொன்னாள். தினமும் காலையில் அதற்குக் குங்குமம் வைத்து, பூ வைத்து, அப்பாவுக்காகக் கும்பிட்டாள். இந்த வீட்டில் யாரும் நன்றாக இருக்கக் கூடாது என்கிற வரிக்கு முன்னால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை நான் தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அதை எடுக்க எனக்குத் தைரியமில்லை.

அப்பாவின் கட்டில் சாமி மாடத்துக்கு நேர் எதிரே இருந்தது. எழுந்து நடக்க முடியாது. நாள் முழுக்க அந்தத் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார். அம்மாவிடம் கேட்டு வாங்கியிருப்பார், தகடு அவர் மார்பின்மேல் இருந்தது. மருந்துச் சீட்டின் பின்புறம் பென்சிலால் என் முப்பது உருவங்களையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழ் எழுத்தை எழுதியிருந்தார்.

"ரெண்டு வரிசையில பன்னெண்டு, மூணு வரிசையில பதினெட்டு. எண்ணிப் பாத்தேன் கண்ணு" என்றார்.

சீட்டின் அடியில் அந்த வரி முழுசாக இருந்தது. அவருடைய கோணல் எழுத்தில்.

"சைக்கிள் போன அன்னைக்கா?"

தலையாட்டினேன். அவர், "உங்கம்மா தெனமும் இதுக்கு முன்னால நிக்கிறா. இத இப்படியே உட முடியாது" என்று சொல்லிவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து உப்புத்தாள் ஒன்றை எடுத்தார். அந்தக் கோடு கீறுகிற ஊசியும் கூடவே இருந்தது. பட்டறையிலிருந்து யாரைக் கொண்டு எப்போது வரவழைத்தாரோ தெரியாது.

கடைசி வரியைத் தேய்த்தேன். அழுத்திக் கீறியதல்லவா, லேசில் போகவில்லை. தோள் வலிக்கத் தேய்த்தேன். போனதும், மற்ற இடமும் ஒரே நிறமாகத் தெரியட்டும் என்று புளி போட்டு முழுத் தகட்டையும் துலக்கச் சொன்னார். துடைத்துக் கொடுத்தேன்.

"இப்ப அம்மாகிட்ட என்னன்னு படிச்சியோ, அத எழுது."

ஊசியை எடுத்தேன். அப்பா எழுந்து உட்கார முயன்று, முடியாமல், ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு தகட்டின் இரண்டு ஓரத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டார். மஞ்சள் நகங்களுக்கு நடுவில் நான் ஒவ்வொரு உருவமாகக் கீறினேன். முடிந்ததும் அவர் மருந்துச் சீட்டைப் பக்கத்தில் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். எல்லாரும் என்கிற இடத்தில் விரல் நின்றது.

"எல்லாரும்னா, உன்னையும் சேத்தித்தானே கண்ணு?"

"ஆமாங்கப்பா" என்றேன். எழுதும்போது என்னை நான் சேர்த்திருக்கவில்லை.